கொரோலா 110: வீட்டில் மாற்றிய முன் சில்லுப் பெயாரிங், பல மாரிகளுக்குப் பிறகு

யாழ்ப்பாணத்தில் ரொயோட்டா கொரோலா 110 கார் வைத்திருப்பவர்கள் அதை இலேசில் விற்கமாட்டார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு, இருக்கிற காரைப் பேணி ஓடுவதைத் தவிர வேறு வழியும் இருக்கவில்லை. எங்கள் காரின் முன் சில்லுப் பெயாரிங் (சில்லு இலகுவாகச் சுழல உதவும் குண்டு வளையம்) இரண்டையும் வீட்டு முற்றத்தில் வைத்தே கழற்றி மாற்றினேன். அதற்குப் பிறகு ஒழுங்கை வெள்ளம், பண்ணைப் பாலத்து உப்புக்காற்று, கொழும்புப் பயணங்கள் எல்லாம் கண்டாயிற்று. இன்றுவரை இரண்டு பக்கமும் சத்தமில்லை.

பெயாரிங் போனதை ஏ9 வீதியில்தான் சரியாகப் பிடிக்கலாம். ஆனையிறவு தாண்டினால் வழவழப்பான நேர் வீதி. தோட்டத்து வாட்டர் பம்ப் தூரத்தில் ஓடுகிற மாதிரி ஓர் உறுமல் வரும், வேகத்தோடு கூடும். கியரை நியூட்ரலில் விட்டாலும் அது குறையாவிட்டால் எஞ்சினில் குற்றமில்லை. ஸ்ரியரிங்கை வலப்பக்கம் மெதுவாகத் திருப்பும்போது சத்தம் கூடினால் இடப்பக்கப் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம், ஏனென்றால் பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. ஆனால் ஒழுங்கில்லாமல் தேய்ந்த ரயரும் இதே சத்தம் போடும். முன் ரயரைப் பின்னுக்கு மாற்றி ஓடிப் பார்த்த பிறகே காசைச் செலவழியுங்கள். சில்லைத் தூக்கி ஒரு கையால் சுழற்றிக்கொண்டு மற்றக் கையைச் சுருள் ஸ்பிரிங்கில் வைத்தால், கெட்ட பெயாரிங்கின் கரகரப்பு விரலிலேயே தெரியும்.

நான் வீட்டில் மாற்றுவதற்கு முன்னர் ஒரு கராஜில் இடப்பக்கத்துக்குப் புதுசு போட்டிருந்தோம். ஒரு வருடம்கூட ஆகவில்லை, திரும்பவும் உறுமத் தொடங்கிவிட்டது. கழற்றித் துடைத்துப் பார்த்தபோது காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. குண்டுகள் ஓடும் பாதையில், குண்டுக்குக் குண்டு உள்ள அதே இடைவெளியில், வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளங்கள். நகத்தை வைத்து இழுத்தால் ஒவ்வொன்றிலும் தட்டுப்பட்டது. சுத்தியலால் அடித்து இறக்கிய பெயாரிங் இப்படித்தான் ஆகும். அடி குண்டுகளின் வழியாகப் போய்ப் பாதையைக் குழியாக்கிவிடும். புதுப் பெயாரிங்கின் ஆயுள் அந்த நிமிடமே குறைந்துவிடுகிறது, பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் சரி. அது எனக்குப் பெரிய கோபம்.

கழற்றும் வேலை முழுவதையும் வீட்டிலேயே செய்யலாம். முதல்நாள் இரவே எல்லா நட்டுக்கும் துரு இளக்கும் எண்ணெய் அடித்து விட்டேன், கடல் பக்கம் ஓடும் காருக்கு அது கட்டாயம். ஹப்பின் (சில்லு பூட்டப்படும் நடுப்பகுதி) பெரிய நட்டு கழராமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னைக் கழற்றி, கார் நிலத்தில் நிற்கும்போதே, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, 30 மி.மீ. சொக்கெற்றால் இளக்கினேன். இளக்கிய பிறகு காரை உருட்டவே கூடாது. பெயாரிங்கின் உள்வளையங்களை இறுக்கிப் பிடித்திருப்பது அந்த நட்டுத்தான். பிரேக் கலிப்பரைக் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஹோஸில் பாரம் விழக்கூடாது. ஸ்ட்ரட்டைப் (ஸ்பிரிங் பூட்டியிருக்கும் தூண்) பிடிக்கும் இரண்டு போல்ட்டையும் கழற்றுமுன் பெயின்ற்றால் அடையாளம் போட்டுக்கொண்டால் சில்லின் சாய்வு அதிகம் மாறாது. ஸ்ரியரிங்கோடு இணைக்கும் ரை ரொட் எண்ட், கீழ்க் கையோடு இணைக்கும் போல் ஜொயின்ற் இரண்டையும் விடுவித்தால், பெயாரிங்கையும் ஹப்பையும் தாங்கும் நக்கிள் என்ற இரும்புப் பகுதி கையோடு வந்துவிடும்.

அடுத்த கட்டத்தை மட்டும் வீட்டில் செய்யவில்லை. நக்கிளையும் புதுப் பெயாரிங், தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல்களையும் எடுத்துக்கொண்டு ஹைட்ரோலிக் பிறஸ் உள்ள லேத் பட்டறைக்குப் போனேன். “அண்ணை, நக்கிளுக்குள்ள இறக்கேக்க வெளிவளையத்தில மட்டும் அழுத்துங்கோ” என்றேன். “அது தெரியும் தம்பி. ஹப்பை இறக்கேக்க உள்வளையத்துக்குக் கீழ தாங்கு குடுக்கிறதைத்தான் கனபேர் மறக்கிறவை” என்றார். அந்த மனுசனிடம் வேலையை நம்பிக் கொடுத்தேன். பழைய ஹப்பில் ஒட்டிக்கொண்டு வந்த உள்வளையத்தை அச்சில் கீறல் விழாமல் வெட்டி எடுத்தார். நக்கிளின் துவாரத்தைத் துடைத்து, பெயாரிங்கை நேராக இறக்கி, பெயாரிங் வெளியே வராமல் பிடிக்கும் சேர்க்ளிப் வளையம் பள்ளத்தில் முழுதாக உட்கார்ந்ததா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சீலைப் போட்டார். மற்றப் பக்கத்தையும் அவரிடமே கொண்டுபோனேன்.

பொருத்துவது கழற்றியதன் மறுபக்கம்தான், ஆனால் இறுக்கும் அளவில் விட்டுக்கொடுக்கக்கூடாது. ஹப் நட்டு 216 நியூட்டன் மீற்றர், சில்லு நட்டுகள் 103. இறுக்கும் அளவைக் காட்டும் டோர்க் ரென்ச் இரவல் வாங்கியாவது செய்யுங்கள். ஸ்பிளிட் பின் ஒவ்வொரு முறையும் புதிது. பிறகு வீல் எலைன்மென்ற் பார்க்கவேண்டும், பெயின்ற் அடையாளம் அங்கே போகும்வரைக்கும்தான்.

நான் போட்டது கோயோ என்ற யப்பான் பெயாரிங். என்எஸ்கே, என்டிஎன் போட்டு நல்லாக ஓடுபவர்களும் உண்டு. பெட்டியை நம்பாமல், பழையதின் விளிம்பில் வெட்டியிருக்கும் இலக்கத்தோடு புதியதை ஒப்பிட்டு வாங்குங்கள். சீல்களையும் சேர்த்தே வாங்குங்கள். நம்மூர் மாரியில் சில்லின் அரைவாசி வெள்ளத்துக்குள் போய் வருகிறது. சீலின் உதடு கிழிந்திருந்தால் உள்ளே கிரீஸ் பால்நிறமாகி, பிறகு துருதான் மிஞ்சும். இப்போது ஒவ்வொரு மாரிக்கு முன்னும் பின்னும் சில்லைத் தூக்கி ஸ்பிரிங்கில் கைவைத்துப் பார்க்கிறேன்.

காரைத் தாங்க ஸ்ரான்ட் இல்லாதவர்கள் தயவுசெய்து இந்த வேலையில் இறங்கவேண்டாம். எங்கள் மணல் முற்றங்களில் ஜக் சரியும். ஸ்ரான்ட்டுக்கு அடியிலும் தடித்த பலகை போட்டு, பின் சில்லுகளுக்குக் கல் வைத்த பிறகே முன் சில்லைக் கழற்றுங்கள்.