எல்லா டப்பாவிலும் 450 கலோரி

டயட் சாப்பாட்டுக்கு முன்பணம் கட்டப்போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். நான் கட்டியது 21,000 ரூபாய். மூன்று மாதத்துக்கு, வாரம் ஆறு நாள், மதியமும் இரவும் வீடு தேடி வரும் சாப்பாடு. ஒன்பது வாரம் சாப்பிட்டேன். தொடங்கியபோது 74.2 கிலோ இருந்தேன், நிறுத்தியபோது 76.5.

இத்தனைக்கும் கணக்குப் பார்த்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். பதினெட்டு ஆண்டுகளாக ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் அடுத்தவர்களுடைய ரசீதுகளைத் துருவித் துருவிப் பார்ப்பதுதான் என் வேலை. என் தட்டுக்கு வந்த ரசீதை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

திட்டம் எளிமையானது. என் வயதுக்கும் உயரத்துக்கும் ஒரு நாளுக்குச் சுமார் 1,900 கலோரி செலவாகும், 1,500க்குள் சாப்பிட்டால் எடை இறங்கும் என்று சாப்பாடு அனுப்பும் நிறுவனத்தின் உணவு ஆலோசகர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கணக்கில் எனக்கு இப்போதும் குறை இல்லை. இரண்டு டப்பாக்கள் 900. மிச்சம் 600க்குள் காலை இட்லி, இரண்டு காபி, மாலையில் ஒரு கொய்யா, கொஞ்சம் வேர்க்கடலை. வேர்க்கடலையைக்கூட 15 கிராம் என்று சமையலறைத் தராசில் நிறுத்துத்தான் தின்றேன். பக்கத்திலேயே இருந்த டப்பாவை ஒரு நாளும் அந்தத் தராசில் ஏற்றவில்லை. அதில்தான் ‘450 கலோரி’ என்று அச்சடித்து ஒட்டியிருக்கிறதே!

இரண்டாவது வாரம் 700 கிராம் கூடியிருந்தது. “உடம்பில் நீர் தங்கியிருக்கும் மேடம், போகப் போகச் சரியாகிவிடும்” என்றார் ஆலோசகர். அப்படி நடப்பது உண்டு. உப்பு கூடினால் மறுநாளே தராசு ஏறும். ஆகவே நம்பினேன். நான்காவது வாரம் மேலும் கூடியதும், “தசை வளர்கிறது” என்றார். மாம்பலம் ரயில் நிலையப் படிக்கட்டைத் தவிர வேறு உடற்பயிற்சி அறியாத எனக்கு எங்கே தசை வளரும் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆறாவது வாரம் அவர் குரலே மாறிவிட்டது. “இரவில் எதையாவது கொறிக்கிறீர்களா? உண்மையைச் சொன்னால்தான் நாங்கள் உதவ முடியும்.”

பணம் போனதைவிட அந்தக் கேள்விதான் எனக்கு வலித்தது. சொன்னால் சிரிப்பீர்கள், என்னை நானே சந்தேகப்பட ஆரம்பித்தேன். வேர்க்கடலையை நிறுத்தினேன். காபியில் பாலைக் குறைத்தேன். அம்மா அரைக்கும் சட்டினியில் தேங்காய் எவ்வளவு என்று தினமும் விசாரித்தேன். “மூன்று இட்லியிலா உடம்பு வந்துவிடும்? அந்த டப்பாவைக் கேள்” என்றாள் அம்மா. எழுபத்திரண்டு வயது. கலோரி என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது.

எட்டாவது வாரம் எங்கள் குடும்ப மருத்துவரிடம் போனேன். தைராய்டு, சர்க்கரை இரண்டும் பரிசோதித்தார், சரியாகவே இருந்தன. ஸ்டீராய்டு கலந்த மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறேனா, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்றெல்லாம் கேட்டுவிட்டு, “அந்தச் சாப்பாட்டைத் தராசில் நிறுத்துப் பார்த்தாயா அம்மா?” என்றார்.

அன்று இரவே சோற்றைத் தனியாக எடுத்துத் தராசில் வைத்தேன். 272 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்குச் சுமார் 130 கலோரி. ஆக, சோறு மட்டுமே 350. குழம்பும் பொரியலும் சேர்த்து மீதி நூற்றில் அடங்குமா? அன்றைக்கு வத்தக்குழம்பு. அரை மணி நேரம் அசையாமல் வைத்திருந்துவிட்டு மேலே மிதந்த எண்ணெயைக் கரண்டியால் வழித்தேன். ஒரு மேசைக்கரண்டி நிறைந்தது. அது மட்டும் 120 கலோரி. எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு ஒன்பது கலோரிதான். செக்கில் ஆட்டினாலும், இதயத்துக்கு நல்லது என்று விளம்பரம் செய்தாலும் அது குறையாது.

மறுநாள் ஆலோசகரை விட்டுவிட்டு நேராகச் சமையல்கூடத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் அங்கே பொறுப்பில் இருக்கும் மாஸ்டர். சோற்றின் அளவைப் பற்றிப் பேச வேண்டும் என்று நான் சொன்னதும், குறைவாக வருகிறது என்று புகார் சொல்வதாக நினைத்துக்கொண்டார் பாவம். “ஓர் ஆளுக்கு நூறு கிராம் அரிசி, அளந்துதான் போடுகிறோம் அம்மா. வயிற்றில் அடிக்க மாட்டோம்” என்றார்.

நூறு கிராம் அரிசி. முதல் வாரம் ஆலோசகர் எனக்கு அனுப்பியிருந்த பட்டியலைத் தேடி எடுத்தேன். ‘அரிசி, 100 கிராம், 130 கலோரி.’ குட்டு அங்கேதான் உடைந்தது. 130 என்பது 100 கிராம் வெந்த சோற்றுக்கான எண். 100 கிராம் அரிசி வெந்தால் தண்ணீரைக் குடித்து 270, 280 கிராம் சோறாகும். கலோரி 350ஐ ஒட்டி வரும். உலையில் போட்டது அரிசி, கணக்கில் எழுதியது சோறு. டப்பாவுக்கு 220 கலோரி அங்கேயே காணாமல் போயிற்று. எண்ணெயைப் பற்றிக் கேட்டதற்கு, “தாளிப்பதை நாங்கள் தனியாகச் சேர்ப்பதில்லை மேடம்” என்று ஆலோசகரே எழுதி அனுப்பினார். அந்தச் செய்தியைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

220, 120, இவற்றோடு 450. டப்பாவுக்கு 790. இரண்டு டப்பாவுக்கு 1,580, என் காலை மாலைக் கணக்கு 600. நாளுக்கு 400 குறைத்துச் சாப்பிடுவதாக நினைத்துக்கொண்டு 280 கூடுதலாகச் சாப்பிட்டிருக்கிறேன். 54 நாளுக்கு 15,120. ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700 என்பது பொதுவாகச் சொல்லும் தோராயக் கணக்கு. வகுத்துப் பார்த்தால் இரண்டு கிலோவுக்கு வெகு அருகில் வருகிறது. அலுவலகத்தில் ஐந்தொகை சரியாக வந்தால் மகிழ்ச்சியாக இருக்கும். இது சரியாக வந்தபோது அழுகைதான் வந்தது.

இன்னொன்றும் உண்டு. என் தொழில் புத்தி காரணமாக டப்பாவில் வந்த ஸ்டிக்கர்களை உரித்து ஒரு நோட்டில் தேதிவாரியாக ஒட்டி வைத்திருந்தேன். மொத்தம் 108. (“நூற்றெட்டுத் தேங்காய் உடைத்திருந்தால் புண்ணியமாவது வந்திருக்கும்” என்றாள் அம்மா.) புரட்டிப் பார்த்தால் எலுமிச்சைச் சாதத்துக்கு 450, தயிர்ச் சாதத்துக்கு 450, வத்தக்குழம்புக்கும் அதே 450. எந்தச் சமையலும் இத்தனை ஒழுக்கமாக இருக்காது. நூற்றெட்டு வவுச்சரிலும் ஒரே தொகை இருந்தால் முதல் பார்வையிலேயே சிவப்பு மையால் சுழிக்கிறவள் நான்.

டப்பாவில் 14 இலக்க உரிம எண் இருந்ததே என்று சிலர் கேட்டார்கள். அது உணவுத் தொழில் நடத்துவதற்கான உரிமம். கலோரியை யாரோ சோதித்ததற்குச் சான்று இல்லை. மெனுவில் கலோரியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்ற 2020ஆம் ஆண்டு விதிகூட, மத்திய உரிமம் பெற்ற அல்லது பத்து இடங்களுக்குக் குறையாமல் கிளை வைத்திருக்கும் பெரிய உணவகங்களுக்குத்தான். என் டப்பா வந்தது ஒரே ஒரு சமையல்கூடத்திலிருந்து.

தராசோடு எடுத்த படங்களை அனுப்பியதும் ‘அது சராசரி மதிப்பு’ என்றார்கள். பிறகு இரண்டு வாரச் சாப்பாடு இலவசமாகத் தருவதாகச் சொன்னார்கள்! வேண்டாம், பணத்தைக் கொடுங்கள் என்றேன். முன்பணம் திரும்பத் தரப்படாது என்ற நிபந்தனையைக் காட்டினார்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்தேன். பதினோரு நாள் கழித்து, சாப்பிடாத நான்கு வாரத்துக்கென்று 6,000 ரூபாய் வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு தயாராகிறது. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது என்பது பலருக்குத் தெரிவதில்லை.

நீங்கள் கட்டியே தீருவது என்றால் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். சோற்றின் எடை வேகும் முன்பா, வெந்த பின்பா, எண்ணெய் கணக்கில் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முதல் டப்பாவை வாயில் வைப்பதற்கு முன் தராசில் வையுங்கள்.

போன வாரம் எங்கள் குடியிருப்பின் லிஃப்டில் அவர்களுடைய புதிய துண்டறிக்கை ஒட்டியிருந்தது. படத்தில் அதே டப்பா, அதே அளவு சோறு. எண் மட்டும் 399 ஆகிவிட்டது.