பிர்ஃபெனிடோன், நின்டெடானிப்: அப்பாவோடு மூன்று வருட அனுபவம்

அப்பாவுக்கு ஐபிஎஃப் (இடியோபதிக் பல்மனரி ஃபைப்ரோசிஸ்) என்று சொல்லி மூன்று வருடம் ஆகிறது. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாகத் தழும்பேறிக் கெட்டிப்பட்டுக்கொண்டே போகும் நோய், தழும்பு விழுந்த இடம் பழைய நிலைக்கு வராது. இதற்கான மாத்திரைகளை எடுக்கும் வீட்டிலிருந்து யாராவது தமிழில் எழுதியிருப்பார்களா என்று அப்போது தேடித்தேடித் தவித்திருக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை, தினமும் மாத்திரை எடுத்துக் கொடுக்கும் மகன்.

முதலில் கொடுத்தது பிர்ஃபெனிடோன். ஜப்பானில் 2008இல் அனுமதி கிடைத்த மருந்து, இந்தியாவில் 2010இலேயே சிப்லா கொண்டுவந்துவிட்டது, அமெரிக்காவில் 2014 அக்டோபரில்தான் அனுமதி, அதுவும் நின்டெடானிப்போடு ஒரே நாளில். அங்கே இரண்டுமே வருடத்துக்கு 90,000 டாலருக்கு மேல் விலையோடு வந்தன. இங்கே பல கம்பெனிகள் தயாரிப்பதால் எங்களுக்கு மாதம் சில ஆயிரங்களில் முடிந்தது. அதுவே எங்கள் வீட்டுக்குப் பெரிய தொகைதான், ஆனாலும் கிடைக்கிறதே என்று நிம்மதி.

மாத்திரை போட்டால் மூச்சு வாங்குவது குறையும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். குறையாது. இதை யாராவது முதல் நாளே உட்காரவைத்துச் சொல்லியிருக்க வேண்டும். வயதாக ஆக எல்லோருக்குமே ஊதும் டெஸ்டில் வெளியே ஊதும் காற்றின் அளவு வருடத்துக்கு 30 மில்லி போலக் குறையும், ஐபிஎஃப் வந்து மருந்தே எடுக்காதவர்களுக்கு 200 மில்லி வரை குறைகிறது, இந்த இரண்டு மருந்தும் அந்தச் சரிவைக் கிட்டத்தட்டப் பாதியாக்குகின்றன. அவ்வளவுதான் வேலை. இருமல் நிற்காது, மாடிப்படி லேசாகாது, உடம்புக்கு நல்லது எதுவும் நடப்பதாகவே தெரியாது, வாந்தி வருவது போல இருப்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

நாலாவது மாதம் அப்பாவின் சட்டையைத் துவைக்க எடுத்தபோது பையில் பதினாலு மாத்திரை இருந்தது. மத்தியான வேளை மாத்திரையைப் போட்டுக்கொண்டதாகச் சொல்லிவிட்டுப் பையில் போட்டு வைத்திருக்கிறார். கேட்டதற்கு, “சோறே இறங்கலப்பா, அதைப் போட்டு என்ன ஆகப்போகுது” என்றார். எனக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. அடுத்த தடவை டாக்டரிடம் இதைச் சொன்னோம். சாப்பிட்டு முடித்த பிறகு மொத்தமாக விழுங்காமல் சாப்பாட்டுக்கு நடுநடுவே ஒவ்வொன்றாகப் போடச் சொன்னார். இரண்டு கவளம், ஒரு மாத்திரை, மறுபடி இரண்டு கவளம். இதற்கப்புறம் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. வெறும் வயிற்றில் மட்டும் போடவே போடாதீர்கள்.

அப்புறம் வெயில். காலை பதினொரு மணிக்கு ரேஷன் கடை வரிசையில் அரை மணி நேரம் நின்றதற்கே கழுத்தும் முன்கையும் சிவந்து எரிந்துவிட்டது. அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை, குடை, சன்ஸ்கிரீன். 71 வயதில் முதன்முதலாக சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டார், ஒரு நாள் கூட வேண்டாம் என்று சொன்னதில்லை. கல்லீரல் ரத்தப் பரிசோதனையை முதல் ஆறு மாதம் மாதாமாதம் எடுக்கச் சொல்வார்கள், தவறவிடாதீர்கள்.

ஒன்றரை வருடத்தில் எடை ரொம்பக் குறைந்துவிட்டதால் நின்டெடானிப்புக்கு மாற்றினார்கள். 150 மில்லிகிராம், காலை ஒன்று, இரவு ஒன்று. வெயில் தொல்லை இல்லை, எண்ணிக்கையும் குறைவு, அப்பாவுக்கு அதுவே சந்தோஷம். ஆனால் வயிற்றுப்போக்கு. முதல் மாதம் வெளியே கிளம்பவே பயந்தார். டாக்டர் 100 மில்லிகிராமாகக் குறைத்து, வயிற்றுப்போக்குக்குத் தனி மாத்திரையும் எழுதிக் கொடுத்தார், இப்போது பரவாயில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள் இதை ஆரம்பிக்கும் முன் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள், ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. எங்கள் வீட்டு அனுபவத்தில் தினசரி வாழ்க்கைக்கு நின்டெடானிப்தான் சுலபம்.

இதையெல்லாம் வாங்கும் முன் நோய் எது என்று உறுதி செய்வது ரொம்ப முக்கியம். நுரையீரல் தழும்பு நோய்கள் பற்றி இந்தியாவில் 1,084 பேரை வைத்து 2017இல் வெளிவந்த பதிவேட்டில் பாதிப்பேருக்குக் கிட்ட இருந்தது ஐபிஎஃப் இல்லை, ஏர்கூலர், பூஞ்சை, பறவை எச்சம் போன்றவற்றின் ஒவ்வாமையால் வரும் வகை. அதற்கு ஸ்டீராய்டு பயன்படும். ஐபிஎஃப்புக்கோ ஸ்டீராய்டு, அசாதயோபிரின், அசிடைல்சிஸ்டீன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் இறப்பே கூடுகிறது என்று 2012இல் வெளிவந்த ஆய்வு காட்டிவிட்டது. அப்பாவுக்கு முதலில் பார்த்த இடத்தில் ஆஸ்துமா என்று சொல்லியே ஒரு வருடம் போனது.

புது மருந்து பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். நெரண்டோமிலாஸ்ட், பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்து வந்த மருந்து, 2025 அக்டோபரில் அமெரிக்காவில் ஐபிஎஃப்புக்கு அனுமதி பெற்றது. 1,177 பேரை வைத்து நடந்த சோதனையில், ஒரு வருடத்தில் வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கு 183 மில்லி குறைந்தது, 18 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு 115 மில்லி. நல்ல செய்திதான், ஆனால் இதுவும் தழும்பை அழிக்காது, 100 பேரில் 41 பேருக்கு வயிற்றுப்போக்கும் வந்தது. பிர்ஃபெனிடோனோடு சேர்த்தால் ரத்தத்தில் இதன் அளவு குறைந்துவிடுகிறது, அதை எடுப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

நெரண்டோமிலாஸ்ட்டைக் கொண்டுவந்தது நின்டெடானிப்பை உருவாக்கிய அதே போரிங்கர் இங்கல்ஹைம் கம்பெனி. நின்டெடானிப்பில் மட்டும் 2023இல் சுமார் 350 கோடி யூரோ விற்பனை, அதனால் மற்ற கம்பெனிகளும் இந்த நோய்க்குள் வந்துகொண்டே இருக்கின்றன, வந்து விழுந்தும் போகின்றன. ஜிரிடாக்ஸெஸ்டாட் என்ற சோதனை மருந்து 2021இல் நின்றது, பாம்ரெவ்லுமாப் 2023இல் தோற்றது, பெக்ஸோடெக்ராஸ்ட் சோதனை 2025இல் நிறுத்தப்பட்டது. ஒவ்வொன்றையும் நம்பிப் படித்துவிட்டு ஏமாந்திருக்கிறேன். மூச்சு வழியாக இழுக்கும் ட்ரெப்ரோஸ்டினில்தான் இப்போது எனக்குப் பெரிய நம்பிக்கை, 2025இல் வந்த முடிவில் வெற்று மருந்தோடு ஒப்பிட்டால் ஒரு வருடத்தில் சுமார் 95 மில்லி வித்தியாசம் காட்டியது. புதுசு வரட்டும் என்று கையில் இருக்கும் மாத்திரையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள், காத்திருக்கும் மாதத்தில் போன மில்லி போனதுதான்.

போன மாதம் ஊதும் டெஸ்டில் அப்பாவுக்குப் போன வருடத்தைவிட 80 மில்லி குறைவு. “நல்லதா, கெட்டதா?” என்று கேட்டார். நல்லது அப்பா என்றேன். பழக்கத்தில் இன்னமும் குடையை எடுத்துக்கொண்டுதான் கிளம்புகிறார்.