பழைய கார் பாகங்களை வெளிநாட்டுக்கு விற்பவருக்குப் பேபால் தரும் பாதுகாப்பு: ஒரு மதிப்பீடு

பயன்படுத்திய கார் பாகங்களை இணையத்தின் வழியே வெளிநாட்டவருக்கு விற்கத் தொடங்கும் எவரும் பணம் பெறுவதற்கு முதலில் எண்ணிப் பார்ப்பது இணையவழிப் பணப்பரிமாற்றச் சேவையான பேபாலைத்தான். வாங்குபவருக்கு அந்தப் பெயர் பழக்கமானது, பணம் உடனே கணக்கில் தெரிகிறது, எல்லாவற்றுக்கும் மேலாக ‘விற்பனையாளர் பாதுகாப்பு’ என்றொரு திட்டமும் இருக்கிறது. அந்தத் திட்டம் எந்த இழப்பைத் தாங்கிக்கொள்கிறது, எந்த இழப்பை நம் தலையிலேயே விட்டுவிடுகிறது என்பதை ஆல்டர்னேட்டர் (பேட்டரிக்கு மின்னேற்றும் பாகம்), ஹெட்லைட், ஈசியூ (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) போன்றவற்றை விற்பவன் என்ற முறையில் இங்கே மதிப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பொருள் போய்ச் சேர்ந்ததா இல்லையா என்ற வழக்கில் பேபால் நம்பத்தக்க துணை. போய்ச் சேர்ந்த பொருள் எந்த நிலையில் இருந்தது என்ற வழக்கில் அதன் பாதுகாப்புத் திட்டம் நமக்கு உதவாது. பழைய பாகம் விற்பவருக்கு அதிக ஆபத்து இருப்பதோ இந்த இரண்டாவது வழக்கில்தான்.

முதலில் நல்ல பக்கம். இரண்டு வகைப் புகார்களில் விற்பனையாளருக்குப் பாதுகாப்பு உண்டு. கணக்குக்கு உரியவரே ‘இந்தப் பணத்தை நான் அனுப்பவில்லை’ என்று சொல்வது ஒன்று, ‘பொருள் எனக்கு வரவில்லை’ என்று வாங்கியவர் சொல்வது மற்றொன்று. திருடிய அட்டையையோ பிறருடைய கணக்கையோ வைத்துக்கொண்டு வெளிநாட்டிலிருந்து ஈசியூ, எல்இடி ஹெட்லைட், டர்போ போன்ற, எடை குறைந்து விலை மிகுந்த பாகங்களைக் கேட்டு வருபவர்களை நினைத்தால், முதல் வகைப் பாதுகாப்பின் அருமை புரியும். சொந்த இணையதளத்தில் அட்டை வழியாக நேரடியாகப் பணம் வாங்கும் விற்பனையாளர், 3டி செக்யூர் போன்ற கூடுதல் சரிபார்ப்பு இல்லாமல் விற்றிருந்தால், அட்டைக்கு உரியவர் மறுக்கும் நாளில் பொருளையும் பணத்தையும் சேர்த்தே இழப்பார். பேபாலின் நிபந்தனைகளை எழுத்துக்கு எழுத்து நிறைவேற்றியிருந்தால் அந்த இழப்பு நம் மீது விழாது. இதற்காகவே அதன் கட்டணம் தகும் என்று நான் கருதுகிறேன்.

அந்த நிபந்தனைகளில் உயிரானது முகவரி. பணம் வந்த பரிவர்த்தனைப் பக்கத்தில் எந்த முகவரி காட்டப்படுகிறதோ அதற்குத்தான் பார்சல் போக வேண்டும். கூரியர் நிறுவனம் அதை ஒப்படைத்ததற்கான ஆதாரம் இணையத்தில் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். தொகை 750 அமெரிக்க டாலரோ அதற்கு மேலோ என்றால் பெற்றவரின் கையொப்பமும் வேண்டும். நாணயத்துக்கு நாணயம் இந்த வரம்பு மாறும் என்பதால், ஒவ்வொருவரும் தம் நாட்டுக்குரிய ஒப்பந்தத்தைப் படித்துவிடுவது நல்லது. வாங்கியவர் பணம் செலுத்திய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் புகார் எழுப்பலாம். ஆகவே பார்சல் சேர்ந்துவிட்டது என்று ரசீதுகளைத் தூக்கிப் போடுவது சரியல்ல. அரை ஆண்டு வரை எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும்.

ஏமாற்றுபவர்களுக்கும் இந்த முகவரி விதி நன்றாகத் தெரியும். அதனால் அவர்களுடைய முயற்சி பெரும்பாலும் பார்சலை அந்த முகவரியிலிருந்து விலக்குவதாகவே இருக்கும். பணம் செலுத்திய மறுநாள், ‘நான் ஊரில் இல்லை, என் சகோதரர் வீட்டு முகவரிக்கு அனுப்பிவிடுங்கள்’ என்று ஒரு கடிதம் வரும். ‘என் ஏஜென்ட் நேரில் வந்து எடுத்துக்கொள்வார்’ என்று இன்னொருவர் எழுதுவார். ஏஜென்ட் கையில் கொடுத்துவிட்டால், கூரியர் தரும் ஒப்படைப்பு ஆதாரம் என்று காட்ட நம்மிடம் எதுவும் இருக்காது. இவற்றை விட நுட்பமானது, பார்சல் புறப்பட்ட பிறகு டிராக்கிங் எண்ணை வைத்துக்கொண்டு வாங்குபவரே கூரியர் நிறுவனத்திடம் முகவரியை மாற்றிக்கொள்வது. ஒரு கூரியர் நிறுவனத்திடம், பெறுபவர் கேட்டாலும் முகவரியை மாற்றக் கூடாது என்று எழுத்திலேயே கொடுத்திருந்தும், நான் அனுப்பிய ஒரு டேஷ்போர்டு மீட்டர் வேறொரு நகரத்துக்குத் திருப்பி விடப்பட்டது. அதன் பிறகு, திசைமாற்றத்தை அனுப்புபவர் கணக்கிலேயே பூட்டி வைக்க வசதி இல்லாத சேவையை விலை உயர்ந்த பாகங்களுக்கு நான் பயன்படுத்துவதில்லை. முகவரி மாற்றம் உண்மையாகவே தேவைப்படும் வாங்குபவர் இருக்கத்தான் செய்கிறார். அவருக்குப் பணத்தை முழுவதும் திருப்பி அனுப்பி, சரியான முகவரியோடு மீண்டும் செலுத்தச் சொன்னால் போதும். நேர்மையானவர் அதைத் தயங்காமல் செய்துவிடுவார்.

இனி இந்தத் திட்டம் கைவிடும் இடத்துக்கு வருவோம். ‘விவரித்தபடி பொருள் இல்லை’ என்ற புகாருக்கு விற்பனையாளர் பாதுகாப்பு பொருந்தாது. புதுப் பொருள் விற்பவருக்கு இது எப்போதாவது வரும் தொல்லையாக இருக்கலாம். பழைய பாகத்துக்கோ இதுவே மோசடிக்கான அகன்ற வாசல். வாங்கியவர் நம்முடைய வேலை செய்யும் ஆல்டர்னேட்டரைத் தன் காரில் மாட்டிக்கொண்டு, கழற்றிய பழுதான ஆல்டர்னேட்டரைப் பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்ப முடியும். ஈசியூவில் இது இன்னும் எளிது, ஏனென்றால் வெளிக்கூட்டை அப்படியே விட்டு உள்ளிருக்கும் பலகையை மட்டும் மாற்றிவிடலாம். பேபால் இரு தரப்பின் ஆவணங்களையும் படித்துத் தீர்ப்புச் சொல்கிறதே தவிர, பெட்டியைத் திறந்து பாகத்தைப் பார்ப்பதில்லை. பணத்தைத் திருப்பித் தர நேர்ந்தாலும், முதலில் அது பிடித்துக்கொண்ட கட்டணம் நமக்குத் திரும்ப வராது.

ஆகையால் இந்தச் சேவையைப் பயன்படுத்துபவர் தன் பாதுகாப்பைத் தானே விளம்பரத்திலும் பெட்டியிலும் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ‘நல்ல நிலையில் உள்ளது’ என்ற வரி நமக்கு எதிராகவே பயன்படும், ஏனென்றால் நல்ல நிலைக்கு அளவு கிடையாது. அதற்குப் பதிலாக, எந்த வண்டியிலிருந்து எத்தனை கிலோமீட்டர் ஓட்டத்தில் கழற்றப்பட்டது, கழற்றும் முன் என்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் எத்தனை வோல்ட் காட்டியது, எந்தத் தாங்கியில் கீறல், இணைப்பியில் எந்தப் பின் (ஊசி) வளைந்திருக்கிறது என்று எழுதினால், பிறகு எழும் புகாரை அந்த வரிகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். பல வண்டிகளில் ஆரோக்கியமான ஆல்டர்னேட்டர் ஏறத்தாழ 13.5 முதல் 14.7 வோல்ட் வரை கொடுக்கும். மீட்டரில் அந்த எண் தெரியும்படி எடுத்த ஒரு படம், பத்து வரி வர்ணனையை விட உறுதியாகப் பேசும்.

பாக எண்ணைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பாஷ் நிறுவனத்தின் பெட்ரோல் ஈசியூக்களில் 0 261 என்றும் டீசல் ஈசியூக்களில் 0 281 என்றும் தொடங்கும் எண் ஒட்டுத்தாளில் அச்சிடப்பட்டிருக்கும், கூடவே வண்டி நிறுவனத்தின் எண்ணும் அந்த ஒரே துண்டுக்குரிய வரிசை எண்ணும் இருக்கும். வரிசை எண்ணைத் தெளிவாகப் படம் எடுத்து, கூட்டின் திருகுகள் மீது உடைந்தால் தெரியும் முத்திரைத் தாள் ஒட்டி, கண்ணுக்கு எளிதில் படாத ஓரிடத்தில் புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் பேனாவால் குறியிட்டு, பெட்டியை மூடி முகவரித் தாள் ஒட்டும் வரை வெட்டில்லாத ஒரே காணொளியாகப் பதிவு செய்தால், திரும்பி வந்தது நம் துண்டு அல்ல என்று நிறுவுவதற்கு ஏதாவது கையில் இருக்கும். முத்திரை இருக்கிறது, அது கிழிந்திருந்தால் திரும்ப ஏற்பதில்லை என்பதை விளம்பரத்திலேயே எழுதிவிட வேண்டும். மாற்றி அனுப்பும் எண்ணத்தோடு வருபவர் அந்த வரியைப் படித்ததும் வேறு விற்பனையாளரைத் தேடிப் போவார் என்பதே அதன் முதல் பயன்.

எல்லாப் புகாரும் மோசடி அல்ல என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். பல வண்டிகளில் ஈசியூ, திருட்டைத் தடுக்கும் அமைப்பான இம்மொபிலைசரோடு பிணைக்கப்பட்டிருக்கும். வேறு வண்டியில் மாட்டினால், அதற்கேற்ப கோடிங் செய்யும் வரை என்ஜின் ஓடாது. இதை அறியாத வாங்குபவர் உண்மையாகவே ‘செத்த பாகம் அனுப்பிவிட்டார்கள்’ என்று நம்பிப் புகார் கொடுக்கிறார். அவரிடமிருந்து முன்கூட்டியே வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணைக் கேட்டு வாங்கிப் பொருத்தம் பார்த்துவிட்டால் இந்த வருத்தம் இருவருக்கும் இல்லை. அந்த எண்ணை மனமுவந்து தருகிறாரா என்பதே அவரைப் பற்றிய நல்ல சோதனையும்கூட. பாகம் தேவைப்படுபவர் இணைப்பில் எத்தனை பின், மாடல் மாறிய ஆண்டுக்கு முன்னதா பின்னதா என்றுதான் கேட்பார். பொருளின் பெயரைக்கூடச் சொல்லாமல், ‘உங்கள் பொருள் இன்னும் இருக்கிறதா, இறுதி விலை என்ன, உடனே பணம் அனுப்புகிறேன்’ என்று எழுதுபவருக்கு நான் பதில் எழுதுவதில்லை.

பேபாலின் பெயரைப் பயன்படுத்தி நடக்கும் மோசடிக்குப் பேபால் பொறுப்பல்ல, ஆனால் அதன் பயனர்கள்தான் அதில் சிக்குகிறார்கள். ‘பணம் வந்துவிட்டது, டிராக்கிங் எண்ணைக் கொடுத்ததும் விடுவிக்கப்படும்’ என்று நிறுவனத்தின் சின்னத்தோடு ஒரு மின்னஞ்சல் வரும். சில கடிதங்களில், வாங்குபவர் அனுப்புச் செலவுக்காகக் கூடுதலாகச் செலுத்தியிருப்பதாகவும், அந்த மிகுதியை வெஸ்டர்ன் யூனியன் போன்ற சேவை மூலம் அவருடைய ஷிப்பிங் ஏஜென்ட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றும் இருக்கும். வந்ததாகச் சொல்லப்படும் பணம் எங்குமே இல்லை, ஏஜென்ட்டுக்கு நாம் அனுப்புவதோ நம் சொந்தப் பணம். மின்னஞ்சலில் உள்ள இணைப்பைத் தொடாமல், தளத்தின் முகவரியைத் தானே தட்டெழுதி உள்நுழைந்து இருப்பைப் பார்க்கும் பழக்கம் ஒன்றே இதற்குப் போதும். நண்பர்களுக்கும் குடும்பத்தினருக்கும் அனுப்பும் முறையில் பணம் வாங்கச் சொல்வோரும் உண்டு. கட்டணம் மிச்சம் என்று அதற்கு இசைந்தால் விற்பனையாளர் பாதுகாப்பு அந்தப் பரிவர்த்தனைக்கு இல்லாமல் போகும்.

மாற்றுச் சேவைகளோடு ஒப்பிட்டால் பேபாலின் இடம் இன்னும் தெளிவாகும். ஈபேயின் பணம் திரும்பப் பெறும் உத்தரவாதம் பொருள் சேர்ந்ததிலிருந்து பொதுவாக 30 நாட்களோடு முடிகிறது என்பது நமக்கு நல்லது. ஆனால் விவரித்தபடி இல்லை என்று வாங்குபவர் சொன்னால் திரும்ப வரும் அஞ்சல் செலவும் நம்முடையதாகும், கனமான பாகத்துக்கு வெளிநாட்டிலிருந்து அது பெருந்தொகை. அமெரிக்காவில் இருக்கும் விற்பனையாளர்களுக்கு 2022இல் வந்த ஈபே இன்டர்நேஷனல் ஷிப்பிங் இந்தத் தலைவலியை வெகுவாகக் குறைக்கிறது. உள்நாட்டு மையம் வரை பொருளைச் சேர்த்துவிட்டால் அதற்கு மேல் நடப்பதை ஈபே ஏற்கிறது. இந்த வசதி கிடைக்கும் இடத்தில் இருப்பவருக்கு, சிறிய பாகங்களைப் பொறுத்தவரை, பேபாலை விட இதையே நான் பரிந்துரைப்பேன்.

எஸ்க்ரோ.காம் 1999 முதல் இயங்கும் இடைநிலைச் சேவை. பணத்தைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, வாங்குபவர் பொருளைப் பரிசோதித்து ஏற்ற பிறகே நமக்கு விடுவிக்கிறது. பரிசோதனைக் காலத்தை முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொள்வதால், அரை ஆண்டு கழித்து வரும் புகாரின் பயம் பெரிதும் குறைகிறது. முழு என்ஜின், கியர்பாக்ஸ் போன்றவற்றுக்கு இது பொருத்தம். ஆனால் வாங்குபவர் தானே ஓர் எஸ்க்ரோ தளத்தைக் குறிப்பிட்டு அதில்தான் நடத்த வேண்டும் என்று வற்புறுத்தினால் அங்கேயே நின்றுவிட வேண்டும், போலி எஸ்க்ரோ தளங்கள் இந்த ஒரே நோக்கத்துக்காகவே உருவாக்கப்படுகின்றன. வெளிநாட்டுக் காசோலையைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கணக்கில் வரவு காட்டிய பிறகும் பல வாரங்கள் கழித்து அது திரும்பக்கூடும், வங்கி அந்தத் தொகையை நம்மிடமிருந்தே எடுத்துக்கொள்ளும்.

வாங்குபவர் கேட்கும் இரண்டு சலுகைகளை எந்தச் சேவையைப் பயன்படுத்தினாலும் மறுத்துவிட வேண்டும். சுங்கப் படிவத்தில் ‘பரிசு’ என்று எழுதவோ விலையைக் குறைத்துக் காட்டவோ சொன்னால், அது பொய் உறுதிமொழி ஆவதோடு, பார்சல் தொலைந்தால் காப்பீடும் அந்தக் குறைந்த விலைக்கே கிடைக்கும். ஏர்பேக்கைப் பிளாஸ்டிக் பாகம் என்று எழுதி அனுப்பச் சொல்பவர் நம்மைக் குற்றவாளியாக்குகிறார். அது யுஎன் 3268 போன்ற எண்களின் கீழ் ஆபத்தான சரக்காக வகைப்படுத்தப்பட்டது, சாதாரணப் பார்சலாகப் போகவே கூடாது.

எடை குறைந்த, கையொப்பம் பெற்று ஒப்படைக்கக்கூடிய, வரிசை எண் உள்ள பாகங்களுக்குப் பேபாலைத் தயக்கமில்லாமல் பயன்படுத்தலாம் என்பது என் மதிப்பீடு. வரிசை எண்ணோ குறியிட இடமோ இல்லாத, மாற்றி வைக்க எளிதான சிறு பாகங்களை, முன்பு வாங்கிப் பழகாத வெளிநாட்டவருக்கு இதன் வழியே விற்பதை நான் தவிர்க்கிறேன். கப்பலில் போகும் என்ஜினுக்கு வங்கி வழிப் பணப்பரிமாற்றமே மேல். அதிலும் பணம் அனுப்பியதாகக் காட்டும் வங்கிப் படிவத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் பணமாக எண்ணாமல், தொகை வரவாகி அது இறுதியானது என்று நம் வங்கியே உறுதி சொன்ன பிறகு பெட்டியை வெளியே அனுப்ப வேண்டும். ஒரு கன்டெய்னர் நிறையப் பாகங்கள் என்றால், யுசிபி 600 என்ற சர்வதேச விதிகளுக்கு உட்பட்ட கடன் கடிதத்தை (ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் உறுதியை), நம் வங்கி உறுதிப்படுத்திய வடிவில் கேட்பது அதன் செலவுக்குத் தகுந்ததாக இருக்கும்.