ட்வின்செட்டா, சைட்மவுண்டா? வடசென்னையில் யாரைக் கேட்பது?

பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். அதற்கும் கீழே போவது, மேலே வரும் வழியில் கட்டாய டெக்கோ நிறுத்தங்கள் (உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நடுவழியில் காத்திருப்பது) போடுவது எல்லாம் டெக்னிக்கல் டைவிங். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கமிருந்து இதற்குள் வர ஆசைப்படும் தம்பிகளும் தங்கைகளும் முதலில் கேட்பது இதைத்தான்: "ட்வின்செட் வாங்கட்டுமா, சைட்மவுண்ட் வாங்கட்டுமா?" முன்னது முதுகில் ஜோடி சிலிண்டர், பின்னது உடம்பின் இரு பக்கமும் ஒவ்வொன்று. இரண்டையும் அலசிப் பார்ப்போம். பதில் சொல்கிற ஆட்களையும் சேர்த்தே அலச வேண்டும். ஏனென்றால் ஆளுக்கு ஆள் பதில் மாறுகிறது, காசும் உயிரும் நம்முடையது.

இரண்டு சிலிண்டர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. 40 மீட்டரில் அழுத்தம் 5 பார், அதாவது மேலே இருப்பதைப் போல ஐந்து மடங்கு. மேலே நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவருக்கு அங்கே 100 லிட்டர் தேவை. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் 2,200 லிட்டர், அதாவது சுத்தமாகக் காலியாகும் வரை 22 நிமிடம். டெக்கோ பாக்கி இருக்கும்போது நேராக மேலே ஓடி வர முடியாது. அதனால் காற்றும் கூடுதலாக வேண்டும், ஒரு ரெகுலேட்டர் (சிலிண்டர் காற்றை மூச்சு விடும் அழுத்தத்துக்குக் குறைத்து வாய்க்குத் தரும் கருவி) போனால் இன்னொன்றும் கையில் வேண்டும்.

ட்வின்செட்டில் இரண்டு சிலிண்டரும் முதுகில், மேலே மேனிஃபோல்டு என்ற குழாய் இரண்டையும் இணைத்திருக்கும். எந்த ரெகுலேட்டரில் மூச்சு விட்டாலும் இரண்டு சிலிண்டர் காற்றும் வரும். ஒரு பக்கம் கசிந்தால் நடுவில் உள்ள ஐசோலேட்டர் வால்வை மூடி, மறுபக்கத்துக் காற்றைக் காப்பாற்றலாம். இதன் பெரிய பலம், காற்றைப் பகிர்வதில் குழப்பமே கிடையாது என்பது. வாயில் இருப்பது எப்போதும் ஏறத்தாழ 2 மீட்டர் நீள ஹோஸில் உள்ள ரெகுலேட்டர். கூட வந்தவருக்குக் காற்று இல்லையா, வாயில் இருப்பதை எடுத்துக் கொடு, கழுத்தில் தொங்குவதை நீ எடுத்துக்கொள். கை நீட்டினால் கை தெரியாத கலங்கல் தண்ணீரிலும் இது நடக்கும்.

பலவீனம் எடையும் எட்டும் தூரமும். 12 லிட்டர் ஸ்டீல் ஜோடி ஒன்று, காற்று, சிலிண்டரை முதுகில் தாங்கும் பேக்பிளேட் எல்லாம் சேர்த்து 40 கிலோவை நெருங்கும். ஆடுகிற பைபர் படகில் அதை மாட்டிக்கொண்டு எழுந்து நிற்பதே பாதி வேலை. வால்வுகள் பின்னந்தலைக்குப் பின்னால். தோள்பட்டை வளையாதவருக்கு அவற்றை எட்டித் திருகுவது சிரமம். அப்புறம், இணைத்த ஜோடி சிலிண்டர் நம் பக்கம் சுலபமாகக் கிடைப்பதில்லை.

சைட்மவுண்டில் அக்குளுக்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக, ஒன்றோடொன்று இணைக்காத இரண்டு சிலிண்டர். எங்கும் கிடைக்கும் சாதாரண அலுமினியம் சிலிண்டரே போதும். ஒவ்வொன்றும் காற்றோடு ஏறத்தாழ 17 கிலோ, தனித்தனியாகப் படகில் ஏற்றலாம். வால்வு கண் முன்னால் இருக்கும், குமிழ் வந்தால் உடனே தெரியும். ஆனால் வேலை அதிகம். இரண்டு பக்கமும் சமமாகக் குறையும்படி ரெகுலேட்டரை மாற்றி மாற்றி மூச்சு விட வேண்டும். அலுமினியம் சிலிண்டர் காலியாக ஆக அதன் அடிப்பக்கம் மிதக்கப் பார்க்கும், கிளிப்பை இடம் மாற்றிப் போட வேண்டும். பகிரும் நேரத்தில் நீள ஹோஸ் வாயில் இருக்கலாம், கிளிப்பிலும் இருக்கலாம். அந்த ஒரு நொடித் தடுமாற்றம் சின்ன விஷயமில்லை. அலை அடிக்கும்போது தண்ணீரில் மிதந்தபடியே இரண்டாவது சிலிண்டரை மாட்டுவதற்கும் நல்ல பழக்கம் வேண்டும்.

ரீபிரீதரையும் (விட்ட மூச்சையே சுத்தம் செய்து திரும்பத் தரும் கருவி) சிலர் கேட்கிறார்கள். பல லட்சம் ரூபாய், ஆக்சிஜன் சென்சார், கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும் ரசாயனம், ஓயாத பராமரிப்பு. அதில் இறப்பு அபாயம் சாதாரண டைவிங்கைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு என்று 2013-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. முதல் கருவியாக வேண்டவே வேண்டாம்.

சரி, யாரைக் கேட்பது?

கடைக்காரருக்குச் சரக்கு தெரியும், உதிரிபாகம் வருமா என்று தெரியும். அதை மட்டும் அவரிடம் கேளுங்கள். கடையில் இருப்பதைத்தான் அவர் விற்க முடியும், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. இணைய வீடியோக்களில் பெரும்பாலும் ஃபுளோரிடா, மெக்சிகோ குகைகள். நீள ஹோஸ் வந்ததே குகையின் ஒடுக்கமான வழியில் ஒருவர் பின் ஒருவராக வெளியேறத்தான். அங்கே தண்ணீர் கண்ணாடி மாதிரி, அலை இல்லை, வலை இல்லை. அவர்கள் சொல்வது அங்கே சரி.

பயிற்சியாளர்தான் முக்கியமான ஆள். அவரிடம் கேட்க வேண்டியவை: இரண்டு முறையிலும் டெக்கோ டைவ் செய்திருக்கிறீர்களா? கடைசியாக எப்போது? கலங்கல் தண்ணீரிலா, தெளிந்த தண்ணீரிலா? ஒரே முறையை மட்டும் தெரிந்தவர் அதையேதான் சொல்வார். "உனக்கு இன்னும் நேரம் வரவில்லை, முதலில் ஒற்றைச் சிலிண்டரில் மிதப்பைச் சரி பண்ணு" என்று சொல்லி ஒரு வகுப்புக் கட்டணத்தை விட்டுக்கொடுப்பவரை நான் நம்புவேன்.

நம் ஊரில் நாலாவதாக ஒரு ஆள் உண்டு: துறைமுகத்திலும் காசிமேட்டிலும் விசைப்படகு விசிறியில் சுற்றிய வலையை அறுக்க இறங்கும் அண்ணன்மார். இவர்களை யாரும் கேட்பதில்லை. அப்படி ஒரு அண்ணனிடம் ட்வின்செட்டைக் காட்டியபோது, அவர் மேனிஃபோல்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "முதுகாண்ட வலை மாட்டிக்கினா இன்னா பண்ணுவ தம்பி?" என்றார். இந்தக் கடலுக்கான கேள்வி அது. நரம்பு வலையைச் சின்ன கட்டரே அறுத்துவிடும், தடித்த இழுவலைக் கயிற்றுக்குப் பல் வைத்த கத்தி வேண்டும், இரண்டையும் எந்தக் கையாலும் எட்டும் இடத்தில் வைக்க வேண்டும் என்பதையும் அவர்தான் சொன்னார்.

அவர் சொன்னதன் எடையைப் புரிந்துகொள்ள ஒரு புள்ளிவிவரம். 947 பொழுதுபோக்கு டைவிங் மரணங்களை ஆராய்ந்து 2008-ல் வெளியான ஆய்வில், காரணம் தெரிந்தவற்றில் விபத்தின் தொடக்கப்புள்ளி 41 சதவீதம் காற்றுப் பற்றாக்குறை, 20 சதவீதம் சிக்கிக்கொண்டது, 15 சதவீதம் கருவிப் பிரச்சினை. கருவியின் பெயரைவிட காற்றுக் கணக்கும் சிக்கிக்கொள்வதும்தான் அதிகம் கொல்கின்றன.

அதனால் இங்கே, வலை சிக்கிய கப்பல் சிதைவுகளுக்கு மேல் சின்னப் படகில் போகிறவர்களுக்கு, என் ஓட்டு சைட்மவுண்டுக்கு. மாட்டினால் கண்ணால் பார்க்கலாம், வேண்டுமென்றால் சிலிண்டரைக் கழற்றி முன்னால் தள்ளலாம். ஒரு நிபந்தனை: கூட வரும் எல்லோரும் காற்றுப் பகிர்வை அதே முறையில், கண்ணை மூடிக்கொண்டு செய்யும் அளவுக்குப் பழகியிருக்க வேண்டும். அந்தமான் போன்ற தெளிந்த தண்ணீர், பெரிய படகு, ட்வின்செட் குழு என்றால் யோசிக்காமல் ட்வின்செட் எடுப்பேன்.

துறைமுக அண்ணனிடம் கேட்கக் கூடாத விஷயமும் உண்டு. அந்த வேலையில் காற்று பெரும்பாலும் மேலே இருக்கும் கம்ப்ரஸரிலிருந்து ஹோஸ் வழியாக வரும், ஆழமும் குறைவு. டெக்கோ நிறுத்தத்தில் நைட்ரஜன் சீக்கிரம் வெளியேறச் சுவாசிக்கும் ஆக்சிஜன் வேறு உலகம். சுத்த ஆக்சிஜனை 6 மீட்டருக்குக் கீழே சுவாசித்தால் வலிப்பு வரலாம், தண்ணீரில் வலிப்பு என்றால் பெரும்பாலும் மரணம்தான். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள வால்வில் அழுத்தமான ஆக்சிஜன் பாய்ந்தால் தீப்பிடிக்கும். வெல்டிங் பட்டறையில் சுலபமாகக் கிடைக்கிறது என்று அங்கிருந்து நிரப்பிக்கொள்ளச் சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். ஆக்சிஜனுக்கென்று சுத்தம் செய்த சிலிண்டர், நிரப்பியதும் நீங்களே அனலைசரில் அளந்து பார்த்த ஆக்சிஜன் சதவீதம், சிலிண்டர் மேல் பெரிய எழுத்தில் அதிகபட்ச ஆழம், இந்த மூன்றும் இல்லாமல் படகில் ஏற வேண்டாம்.