தவிர்ப்பு மானியமா, ப்ரெப் மானியமா: வகுப்பில் எழும் கேள்விக்கு எதில் இடம் உண்டு?

அமெரிக்காவில் பதின்வயதினருக்குப் பாலியல் கல்வி நடத்த மத்திய அரசுப் பணம் தேடும் மாநிலச் சுகாதாரத் துறைகளும், அவற்றின் கீழ் வேலை செய்யும் ஊர் அமைப்புகளும் பெரும்பாலும் இரண்டு மானியங்களுக்கு நடுவில்தான் வந்து நிற்கின்றன. ஒன்று, சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 510ஆம் பிரிவில் 1996இல் பிறந்த, திருமணத்துக்கு வெளியே உடலுறவைத் தவிர்க்கச் சொல்லும் தவிர்ப்புக் கல்வி மானியம். 2018 முதல் அதன் பெயர் ‘பாலியல் அபாயத் தவிர்ப்புக் கல்வி’. மற்றது, 2010இல் ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தோடு வந்த, தவிர்ப்போடு கருத்தடையையும் கற்பிக்கும் ‘தனிநபர் பொறுப்புக் கல்வித் திட்டம்’. துறையில் இருப்பவர்கள் அதை ப்ரெப் என்றே சொல்வார்கள்.

தொகையை வைத்து முடிவெடுக்க முடியாது. இரண்டுக்கும் சட்டத்தில் ஆண்டுக்கு 7.5 கோடி டாலர். இரண்டும் 10 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு. ப்ரெப்பில் மட்டும் 21 வயதுக்குட்பட்ட கர்ப்பிணிகளுக்கும் இளம் பெற்றோருக்கும் இடமுண்டு. இரண்டையும் மேற்பார்ப்பது ஒரே மத்திய அலுவலகம். எனவே இந்த விஷயங்களில் நேரம் செலவிடத் தேவையில்லை.

என் சாய்வு ப்ரெப் பக்கம். காரணம் வகுப்பறையில் இருக்கிறது.

தவிர்ப்பு மானியத்தில் கருத்தடை பற்றிப் பேசவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. 2018 சட்டப்படி பேசலாம். சொல்வது மருத்துவ ரீதியாகச் சரியாகவும் முழுமையாகவும் இருக்க வேண்டும். கருத்தடை அபாயத்தைக் குறைக்குமே தவிர ஒழிக்காது என்பதை மாணவர் புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் செய்து காட்டுதல், மாதிரியை வைத்துப் பயிற்சி தருதல், சாதனங்களைக் கொடுத்தல் ஆகிய மூன்றுக்கும் தடை. பாடத்தின் முதன்மையான, ஐயத்துக்கு இடமில்லாத செய்தி, திருமணத்துக்கு வெளியே உறவைத் தவிர்ப்பதாகவே இருக்க வேண்டும்.

இந்தத் தடை எங்கே வலிக்கிறது என்பதை ஓர் எண்ணை வைத்தே சொல்லிவிடலாம். ஆணுறையை மட்டும் நம்பும் 100 இணைகளில், ஓர் ஆண்டில் கருத்தரிப்பது வழக்கமான பயன்பாட்டில் சுமார் 13, பிழையில்லாத பயன்பாட்டில் சுமார் 2. இரண்டிலும் ஆணுறை ஒன்றேதான். நடுவில் இருக்கும் இடைவெளி, சில நாள் பயன்படுத்தாமல் விடுவதாலும் தப்பாகப் பயன்படுத்துவதாலும் வருகிறது. ஒவ்வொரு முறையும் பயன்படுத்தும் உறுதியைச் சொல்லிப் புரியவைக்கலாம். சரியாகப் பயன்படுத்துவது கைப்பழக்கம், அதைக் காட்டித்தான் தர முடியும். காலாவதித் தேதியைப் பார்க்க வேண்டும். மேலுறையை விரலால் அழுத்தி உள்ளே காற்று இருக்கிறதா என்று தொட்டறிய வேண்டும். பல்லாலோ கத்தரியாலோ கிழிக்கக் கூடாது. எந்தப் பக்கம் விரிகிறது என்று பார்த்துவிட்டு, நுனியைக் கிள்ளிப் பிடித்தபடி கீழ்வரை உருட்ட வேண்டும். தலைகீழாக வைத்துவிட்டால் திருப்பிப் போடாமல் புதிதாக ஒன்றை எடுக்க வேண்டும். வெளியே எடுக்கும்போது அடிவிளிம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தேங்காய் எண்ணெய், வாசலின் போன்றவை லேட்டக்ஸை நலியச் செய்து கிழித்துவிடும், நீர்த்தன்மையுள்ள மசகுதான் சரி. மர மாதிரியில் இதை ஒருமுறை தன் கையால் செய்துபார்க்க ஒரு மாணவருக்குச் சில நிமிடங்கள் போதும். தவிர்ப்பு மானியத்தில் பயிற்றுநர் அந்த 13ஐ விளக்கலாம். அதை 2க்கு அருகில் கொண்டுபோகும் பயிற்சியைத் தர முடியாது.

பதினாறு வயதுப் பெண் கையைத் தூக்கி, “கிழிந்துபோனால் என்ன செய்வது?” என்று கேட்கும்போது பயிற்றுநர் தயங்கினால், அந்த வகுப்பின் நம்பிக்கை அத்தோடு போய்விடும். அவசரக் கருத்தடை மாத்திரையை எவ்வளவு சீக்கிரம் எடுத்தால் நல்லது, அருகில் எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்பதை ப்ரெப் வகுப்பில் அங்கேயே சொல்லலாம். மற்றதில் விதி எதுவரை அனுமதிக்கிறது என்ற குழப்பத்தில் பயிற்றுநர்கள் விதி கேட்பதைவிடவும் கூடுதலாக வாயைக் கட்டிக்கொள்வார்கள்.

ப்ரெப் எடுத்தால் தவிர்ப்புப் பாடம் விட்டுப்போகும் என்ற பயமும் வேண்டாம். தவிர்ப்பு, கருத்தடை இரண்டையும் கற்பிக்க வேண்டும் என்று சட்டமே கேட்கிறது. கூடவே ஆரோக்கியமான உறவுகள், வளரிளம் பருவ மாற்றங்கள், பண நிர்வாகம், பெற்றோருடன் பேசுதல், கல்வியும் வேலையும், வாழ்க்கைத் திறன்கள் என்ற ஆறில் மூன்றையாவது சேர்க்க வேண்டும்.

தவிர்ப்புப் பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். 2007இல் வெளியான மத்திய அரசின் பெரிய மதிப்பீடு, பழைய 510 திட்டங்களில் நான்கை எடுத்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இளையோரைப் பின்தொடர்ந்தது. பாடம் பெற்றவர்களிலும் பெறாதவர்களிலும் உறவைத் தவிர்த்தவர்கள் ஏறக்குறையப் பாதிப் பேர். உறவு கொண்டவர்களின் முதல் அனுபவத்துக்கான சராசரி வயது இரு பக்கமும் 14.9. ஆனால் அவை, திருமணத்துக்கு வெளியே உறவு உடலுக்கும் மனத்துக்கும் கேடு என்று சொல்லியே ஆகவேண்டிய 1996 வரையறையின் கீழ் நடந்தவை. இன்றைய சட்டத்தில் அந்த வரி இல்லை. பழைய முடிவை இன்றைய பாடங்களின் மேல் அப்படியே ஏற்றக் கூடாது.

2010இல் ஆய்வாளர் ஜான் ஜெமட்டின் குழு வெளியிட்ட ஆய்வையும் தவிர்ப்பை எதிர்ப்பவர்கள் தாண்டிப்போகக் கூடாது. 6, 7ஆம் வகுப்புகளில் படித்த 662 ஆப்பிரிக்க அமெரிக்க மாணவர்களில், எட்டு மணி நேரத் தவிர்ப்புப் பாடம் பெற்றவர்களில் சுமார் 33 சதவீதம் பேர் இரண்டு ஆண்டுக்குள் உறவைத் தொடங்கினார்கள். ஒப்பீட்டுக் குழுவில் அது சுமார் 48 சதவீதம். அந்தப் பாடம் திருமணம்வரை காத்திரு என்று சொல்லவில்லை, ஆணுறையைக் குறைத்துப் பேசவும் இல்லை. அதனாலேயே அன்றைய மத்திய தவிர்ப்பு மானியத்துக்கு அது தகுதி பெற்றிருக்காது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குத் ‘தள்ளிப்போடு’ என்ற செய்தி நன்றாக வேலை செய்யக்கூடும் என்பதை நான் ஏற்கிறேன். பதினாறு வயதினருக்கு அது மட்டும் போதும் என்பதை ஏற்கவில்லை.

ப்ரெப்பும் தானாக வெற்றி தராது. சான்றுள்ள பாடத்திட்டங்களை நாடெங்கும் பரப்பவும் புதியவற்றைச் சோதிக்கவும் 2010இல் தொடங்கிய வேறொரு மத்தியத் திட்டமான பதின்வயதுக் கர்ப்பத் தடுப்புத் திட்டத்தில், முதல் சுற்றின் 41 மதிப்பீடுகளில் நல்ல விளைவு காட்டியவை 12தான். பாதை தவறும் இடங்கள் பழக்கமானவை. எட்டு மணி நேரப் பாடத்தைப் பள்ளி மூன்று மணி நேரமாகச் சுருக்கிவிடும். பெற்றோரின் கையொப்பம் திரும்பி வராமல் பாதி வகுப்பு வெளியே உட்கார்ந்திருக்கும். பயிற்சி பெற்ற ஒரே ஆள் வேலையை விட்டுப் போய்விடுவார். இவற்றுக்கெல்லாம் தொடங்கும் முன்பே வழி செய்ய வேண்டும். எந்தெந்த அமர்வு, எத்தனை நிமிடம், ஆணுறை அமர்வு எந்த நாள் என்று பட்டியலிட்டுப் பள்ளி முதல்வரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பயிற்றுநர்களைத் தயார் செய்யுங்கள். ஒப்புதல் படிவத்தைப் பள்ளிச் சேர்க்கை நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.

மாநிலச் சட்டத்தையும் முதலில் படியுங்கள். மிசிசிப்பியின் 2011 சட்டம் பள்ளிகளில் ஆணுறை செய்முறை காட்டுவதைத் தடுக்கிறது. எந்த மானியம் வாங்கினாலும் அங்கே பள்ளிக்குள் செய்து காட்ட முடியாது. அப்படிப்பட்ட இடத்தில் ப்ரெப் பணத்தைப் பள்ளிக்கு வெளியே, சமூகக் கூடங்களிலும் இளையோர் காப்பகங்களிலும் செலவிடுவதே பயன் தரும்.

நிதி நிலைத்தன்மையில் ப்ரெப்புக்கு இன்று சறுக்கல் உண்டு. பாலின அடையாளம் பற்றிய பகுதிகளை நீக்க மறுத்த கலிஃபோர்னியாவின் ப்ரெப் மானியத்தை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு ரத்து செய்தது. தவிர்ப்பு மானியத்துக்கு இப்போதைய வாஷிங்டனில் அந்தத் தலைவலி குறைவு. சம்பளம் முழுவதும் ஒரே மானியத்தில் தொங்கும் சிறிய அமைப்புகள் இதைக் கட்டாயம் எடைபோட வேண்டும்.

இரண்டையும் வாங்கும் மாநிலங்கள் பல. அப்படிச் செய்தால் வயதால் பிரிப்பது நல்லது: நடுநிலைப் பள்ளிக்குத் தவிர்ப்புப் பணம், உயர்நிலைப் பள்ளிக்கும் காப்பகங்களுக்கும் ப்ரெப். ஒரே பயிற்றுநர் இரண்டிலும் வேலை செய்தால் அவர் எந்த மணி நேரத்தை எதற்குச் செலவிட்டார் என்று தனித்தனியே பதிய வேண்டும். ப்ரெப் பணத்தில் வாங்கிய மாதிரியையும் ஆணுறைப் பெட்டியையும் தவிர்ப்பு வகுப்புக்குப் போகும் பையில் வைக்கவே கூடாது. மானிய விதியை மீறியதாகத் தணிக்கையில் எழுதப்பட்டால் அந்தச் செலவைத் திருப்பிக் கட்ட நேரலாம்.