திரும்பாமல் பம்பர்ஸ் மாற்ற ஒரு மேசை

மொறட்டுவையில் ஒரு தச்சு பாஸிடம் அளவு சொல்லிச் செய்வித்த பம்பர்ஸ் மாற்றும் மேசை இது. மகோகனி மரம். மேலே தடுப்பு வைத்த தட்டு, கீழே இரண்டு திறந்த தட்டுகள், வலப்பக்கத்தில் ஒரு நீளப் பெட்டி. லாச்சி (இழுப்பறை) ஒன்றும் இல்லை. மரம், கூலி எல்லாம் சேர்த்து 46,000 ரூபாய். வெள்ளவத்தைக்குக் கொண்டுவந்து மூன்றாம் மாடிக்கு ஏற்ற இன்னொரு 4,000. மேசை வந்த நாளிலிருந்து பேத்திக்குப் பாவிக்கிறோம். நல்ல மேசை. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன். மகளின் சிநேகிதிகள் வந்து படம் எடுத்துக்கொண்டு போய் இதே மாதிரிச் செய்விக்கப் பார்க்கிறார்கள். இதில் முக்கியமானவை படத்தில் தெரியாது என்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நிலத்தில் பாய் விரித்து மாற்றினால் பிள்ளை விழுவதற்கு இடமே இல்லை. அதைவிடப் பாதுகாப்பான முறை கிடையாது. நிலத்தில் இருந்து எழும்பக்கூடியவர்கள் மேசைக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டில் அது சரிவரவில்லை. மகளுக்கு சிசேரியன், குனிந்து நிமிர்ந்தால் தையல் இழுத்தது. பகலில் பிள்ளையைப் பார்ப்பது நான், என் முழங்கால் இரண்டும் தேய்ந்தவை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எழும்பும்போது நான் தடுமாறினால் இரண்டு பேரும் விழுவோம். கட்டிலில் வைத்து மாற்றலாமே என்று பலர் கேட்கிறார்கள். கட்டிலுக்குத் தடுப்பு இல்லை, மெத்தை அமுங்கிப் பிள்ளையை ஓரத்துக்குச் சரிக்கும், கீழே டைல்ஸ். கட்டில் வேண்டாம்.

நான் தாதியாக இருந்து ஓய்வுபெற்றவள். சிறுவர் வார்டில் வேலை செய்த காலத்தில், விழுந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாய்மாரிடம் என்ன நடந்தது என்று கேட்டால், ஊரும் மொழியும் வேறாக இருந்தாலும் பதில் ஒன்றாகவே இருக்கும். "பம்பர்ஸை எடுக்கத் திரும்பினேன் மிஸ்ஸி." "துவாய் எடுக்கத் திரும்பினேன்." "ஃபோன் அடித்தது, திரும்பினேன்." அவர்கள் கவனமில்லாத தாய்மார் இல்லை. பிள்ளைக்குப் பக்கத்திலேயே நின்றவர்கள். அதனால் மேசை பார்க்கப் போன இடமெல்லாம் நான் என்னிடம் கேட்டுக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இதில் பிள்ளையைக் கிடத்தினால் எனக்குத் திரும்ப வேண்டி வருமா?

கடையில் பார்த்த பெரும்பாலான மேசைகளில் வரும். வெள்ளைப் பெயின்ட் அடித்து, லாச்சிகள் வைத்து, பார்க்க வடிவாக இருந்தன. ஆனால் லாச்சியை இழுக்க நாம் ஒரு அடி பின்னால் போக வேண்டும், குனிய வேண்டும். அந்த நேரம் பிள்ளை மேல் கை இல்லை. மடிக்கிற வகையும் பார்த்தோம், குறுக்குக் காலும் துணித் தட்டும் சில்லும் வைத்தது. விலை குறைவு, ஃபிளாட்டுக்கு வசதி என்று மருமகனுக்கு ஆசை. நான் தட்டின் ஓரத்தை ஒரு கையால் அழுத்திப் பார்த்தேன், மற்றப் பக்கம் எழும்பியது. நாலு சில்லில் இரண்டுக்குத்தான் பூட்டு. எல்லா மடிக்கும் மேசையும் இப்படி என்று சொல்லவில்லை. வாங்குகிறவர்கள் கடையிலேயே ஓரத்தை அழுத்தி, காலை ஆட்டிப் பாருங்கள். பெட்டியில் இஎன் 12221 என்று இருந்தால், வீட்டில் பாவிக்கும் மாற்று மேசைகளுக்கான ஐரோப்பியத் தரத்துக்கு அமைய அதைச் செய்ததாகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். அமெரிக்காவில் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணைக்குழு 2018இல் இந்தச் சாமான்களுக்குக் கட்டாய விதியே கொண்டுவந்தது. மேசை சரியாமல் நிற்பதும் தடுப்பு பிள்ளையைத் தாங்குவதும் அதில் அடக்கம்.

சரி, எங்கள் மேசைக்கு வருகிறேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் நாலு பக்கமும் 2 அங்குலத் தடுப்பு வேண்டும் என்கிறார்கள். இதைப் பாஸிடம் சொன்னால் அவர் பலகையில் இருந்து 2 அங்குலம் அளப்பார். அதற்கு மேல் 2 அங்குல ஃபோம் போட்டால் தடுப்பும் ஃபோமும் ஒரே மட்டம், அதாவது தடுப்பே இல்லை. கடைகளில் நல்ல விலைக்கு விற்கும் மேசைகளிலும் இதைக் கண்டேன். நான் நாலரை அங்குலம் வைக்கச் சொன்னேன். ஃபோம் போட்ட பிறகு இரண்டரை அங்குலம் மிஞ்சுகிறது. முன்பக்கத் தடுப்பின் மேல் விளிம்பை உருட்டி இழைத்திருக்கிறார், கை உரசினாலும் நோகாது. ஃபோமையும் தட்டையாக வெட்டாமல், நடுப்பகுதி பள்ளமாகவும் இரண்டு கரையும் உயர்ந்தும் இருக்கக் குஷன் கடையில் வெட்டுவித்தோம். பிள்ளை புரளத் தொடங்கினால் அந்தச் சரிவு அவளைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவருகிறது.

அடுத்தது பிள்ளை கிடக்கும் திசை. பல மேசைகளில் பிள்ளையை நமக்குக் குறுக்காகக் கிடத்துகிறோம். அப்போது அவள் நம்மைப் பார்த்துப் புரண்டால் முன்பக்க ஓரத்துக்குத்தான் வருவாள். எங்கள் மேசை 22 அங்குல அகலம், 30 அங்குல ஆழம். தலை சுவர்ப் பக்கம், கால் என் பக்கம். இரண்டு கையும் அவளுடைய இரண்டு விலாப் பக்கமும் இருக்கும். முகம் பார்த்துக் கதைக்கலாம், அவளும் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள். ஃபோமின் மேல் மட்டம் நிலத்தில் இருந்து 35 அங்குலம், எனக்கும் மகளுக்கும் முழங்கைக்குச் சற்றுக் கீழே. மருமகன் உயரம், அவர் கொஞ்சம் குனியத்தான் வேண்டும்.

வலப்பக்கப் பெட்டிதான் இந்த மேசையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. தட்டின் வெளிப்பக்கம், இடுப்பு மட்டத்தில், மூடி இல்லாமல் இருக்கிறது. பம்பர்ஸ், ஈரத் துடைப்பான், பருத்தித் துணி, கிறீம் எல்லாம் அதில். இடது கையைப் பிள்ளையின் வயிற்றில் வைத்துக்கொண்டே வலது கையால் பார்க்காமல் எடுக்கலாம். பிள்ளை உள்ளே கையை நீட்டினாலும் எட்டாது. கிடத்துவதற்கு முன்பே எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவோம். ஏதாவது மறந்துபோனால், அரைகுறையாக இருந்தாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டுதான் போவோம். ஃபோன், கதவு மணி, குசினியில் பால் பொங்குவது எல்லாவற்றுக்கும் இதே சட்டம்தான்.

பெல்ட் போடவில்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள். போட்டிருக்கிறோம், பூட்டுகிறோம். ஆனால் பெல்ட் இருக்கிறது என்று கையை எடுப்பதில்லை. மாற்றும்போது பெல்ட் தளர்ந்துதான் இருக்கும், பிள்ளை குதிகாலை ஊன்றி மேலே நழுவக்கூடும். நாலு மாதம் வரை பிள்ளை புரளாது என்று நம்புகிறவர்களும் உண்டு. புரளாத பிள்ளையும் திடுக்கிட்டு உதறும், உந்தும். முதல் நாளில் இருந்தே ஒரு கை பிள்ளை மேல் இருக்க வேண்டும்.

மேசையை அறையின் மூலையில் வைத்து, இரண்டு எல் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பூட்டியிருக்கிறோம். வாடகை வீடு என்பதால் வீட்டுக்கார ஐயாவிடம் கேட்டுத்தான் சுவரில் துளை போட்டோம். போகும்போது ரோல் பிளக் துளைகளை அடைத்துத் தருகிறோம் என்றதும் சம்மதித்தார். யன்னல் பக்கம் வைக்கவில்லை. மூன்றாம் மாடி, காலி வீதிப் பக்கம் திறக்கிற யன்னல், திரைச்சீலைக் கயிறும் அங்கே தொங்குகிறது. ஃபேனுக்கு நேர் கீழேயும் வைக்கவில்லை. கொழும்பு ஃபிளாட்டுகளில் கூரை உயரமில்லை. மேசையில் இருந்து பிள்ளையை விளையாட்டாகத் தலைக்கு மேல் தூக்குகிற பழக்கம் ஆண்களுக்கு உண்டு, ஃபேன் சிறகு எவ்வளவு கிட்ட இருக்கிறது என்று அந்த நேரம் யாரும் பார்ப்பதில்லை.

பெயின்ட் அடிக்க விடவில்லை. விளையாட்டுப் பொருள் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்று இலங்கையில் 2013 ஜனவரி முதல் விதி இருக்கிறது. ஆனாலும் பாஸின் பட்டறையில் பழைய டின்னில் என்ன இருக்கிறது என்று யார் சொல்வது? பல் முளைக்கும் காலத்தில் பிள்ளை விளிம்பைக் கடிக்கும். தண்ணீரில் கலக்கும் நிறமில்லாத வார்னிஷ் நாங்களே வாங்கிக் கொடுத்தோம். மணம் போகும்வரை பல்கனியில் காயவிட்டுத்தான் அறைக்குள் எடுத்தோம்.

குறைகளைச் சொல்ல வேண்டும். ஃபோமுக்குப் போட்ட ரெக்சின் உறை துடைக்கச் சுகம், ஆனால் கொழும்பு வெக்கைக்குப் பிள்ளையின் முதுகு வியர்த்து ஒட்டுகிறது. மேலே பருத்தித் துணி விரித்தால் வழுக்குகிறது. கடைசியில் நாலு மூலையிலும் இலாஸ்டிக் வைத்த உறைகள் தைப்பித்தோம். அது பிரச்சினையைத் தீர்த்தது. மேசை பாரம், கூட்டித் துடைக்க நகர்த்த முடியாது. சொன்ன தேதிக்கு வரவும் இல்லை. பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது. செய்விக்கிறவர்கள் ஏழாம் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது கீழ்த் தட்டுகள். தவழ்ந்து எழும்பும் பிள்ளைக்கு அவை ஏணிப்படி.

மேசையில் எதை வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். பவுடர் டின்னை நான் எடுத்துவிட்டேன். எங்கள் ஆட்களுக்குப் பிள்ளை என்றால் பவுடர் மணக்க வேண்டும். ஆனால் அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போனால் சின்ன நெஞ்சுக்கு ஆகாது, தோலுக்கு அதனால் பெரிய நன்மையும் இல்லை. சம்பந்தி அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தபோது இதை மெதுவாகத்தான் சொன்னேன், அவரும் ஏற்றுக்கொண்டார். கொலோன் போத்தல், பொட்டு டப்பா, ஊசி, சின்ன பற்றறி போட்ட வெப்பமானி எல்லாம் அலுமாரியில் இருக்கின்றன. பட்டன் பற்றறியை விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும்.

வெளியே போனால் பெரிய கடைத்தொகுதிகளில் சுவரில் மடித்து வைக்கும் பிளாஸ்டிக் தட்டு இருக்கும். திறந்து, கையால் அழுத்தி, பெல்ட் பூட்டுகிறதா என்று பார்த்த பிறகே கிடத்துவேன். ஒரு இடத்தில் அது பெண்கள் பக்கம் மட்டும் இருந்தது, மருமகன் பிள்ளையோடு வெளியே காத்து நிற்க வேண்டியதாயிற்று. தகப்பன்மாரும் மாற்றுகிற காலம் இது. கடைக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்தும் பிள்ளை விழுந்துவிட்டால் உலுக்காதீர்கள், தூக்கிப் போட்டு விளையாட்டுக் காட்டாதீர்கள். ஒரு வயதுக்குக் கீழே என்றால், அழுகை நின்றுவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, நிறுத்த முடியாத அழுகை, தலையில் தொட்டால் மென்மையாக இருக்கும் வீக்கம், காதிலோ மூக்கிலோ நீர் அல்லது இரத்தம் கண்டால் தாமதிக்க வேண்டாம். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். கொழும்பில் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி இருக்கிறது. நடந்ததை மறைக்காமல், எவ்வளவு உயரம், எந்த நிலம் என்று சொல்லுங்கள். யாரும் உங்களைக் குற்றம் சொல்ல அங்கே நிற்கவில்லை.

பேத்தி இப்போது இரண்டு பக்கமும் புரள்கிறாள். பிடித்து எழும்பி நிற்கத் தொடங்கியதும் மேசையை விட்டுவிட்டு மகள் பாயில்தான் மாற்றப் போகிறாள். அதனால் மேல் தடுப்பை ஆணி அடிக்காமல் ஸ்குரூவில் பூட்டுவித்தேன், கழற்றினால் புத்தகத் தட்டாகும். கீழ்த் தட்டுகளை முன்னால் மூட ஒரு பலகை வெட்டித் தரச் சொல்லிப் பாஸிடம் அளவு கொடுத்தாயிற்று. அவள் தவழ்வதற்கு முன் அதைப் பூட்ட வேண்டும்.