தாயக்கட்டை, பகடை, பயிற்சித்தாள், கணினி: நிகழ்தகவு பழக எது?

அண்ணன் மகள் அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அங்கே பல மாநிலங்களில் எளிய நிகழ்ச்சி, கூட்டு நிகழ்ச்சி (ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள் சேர்ந்தது) இரண்டின் நிகழ்தகவும் ஏழாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒன்பதில் தொடங்கி, மர வரைபடமெல்லாம் பத்தாம் வகுப்பில்தான். விடுமுறைக்கு வந்தவள் ஒரு கட்டுப் பயிற்சித்தாளும் கொண்டுவந்திருந்தாள். எல்லாத் தாளிலும் முழு மதிப்பெண்.

ஒரு மதியம் தாயம் ஆடிக்கொண்டிருக்கும்போது சும்மா கேட்டேன்: "தாயம் விழ வாய்ப்பு எவ்வளவு?" ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பன்னிரண்டு என்று விரல் விட்டு எண்ணினாள். "ஏழுல ஒண்ணு, அத்தை."

தப்பு. முழு மதிப்பெண் வாங்குகிற பிள்ளை இங்கே எப்படித் தடுக்கி விழுந்தாள் என்பது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அந்த விடுமுறை முழுக்க அவளையும், மாலையில் கணக்குக்கு வரும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் உட்கார வைத்து, கையில் கிடைத்த ஒவ்வொன்றாலும் நிகழ்தகவு பழக்கிப் பார்த்தேன்.

பயிற்சித்தாள்

எளிய நிகழ்ச்சிக்குப் பயிற்சித்தாளே போதும். பையில் 5 சிவப்பு, 3 பச்சை. பச்சை வர வாய்ப்பு 3/8. வேண்டியது மேலே, மொத்தம் கீழே. இதற்குப் போய் வீட்டில் இருக்கிற உண்டியலை உடைக்க வேண்டியதில்லை. இருபது கணக்கு போட்டால் கை பழகிவிடும்.

சிக்கல் கூட்டு நிகழ்ச்சியில் ஆரம்பிக்கிறது. ஒரே மாதிரிக் கணக்குகளை வரிசையாகப் போடும் பிள்ளை சீக்கிரமே ஒரு குறுக்குவழியைக் கண்டுபிடித்துவிடும்: 'மற்றும்' என்று இருந்தால் பெருக்கு, 'அல்லது' என்று இருந்தால் கூட்டு. அந்தத் தாளில் அது பலிக்கும். "ஒரு பகடையை உருட்டினால் இரட்டை எண்ணோ 3-ஐ விடப் பெரிய எண்ணோ விழ வாய்ப்பு எவ்வளவு?" என்று கேளுங்கள். இரட்டை எண்ணுக்கு 3/6, 3-ஐ விடப் பெரியதற்கு 3/6, கூட்டினால் 1. அதாவது கட்டாயம் விழுந்தே தீரும் என்றாகிறது. ஆனால் 1 விழுந்தால்? 3 விழுந்தால்? 4-உம் 6-உம் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டுவிட்டன. சரியான விடை 4/6. விடை 1 என்று வந்ததும் எழுதிவைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போன பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். தாள் திருப்பிக் கேள்வி கேட்காது அல்லவா?

பயிற்சித்தாளில் வரும் சீட்டுக்கட்டுக் கணக்குகளைப் பற்றி இன்னொன்று. இஸ்பேட் எது, ஆட்டின் எது, எத்தனை படச்சீட்டு என்பதே தெரியாத பிள்ளைகள் நம் வீடுகளில் நிறைய. சீட்டையே தொடக்கூடாது என்கிற வீடுகளும் உண்டு. அவர்கள் தவறவிடுவது நிகழ்தகவை அல்ல, சீட்டுக்கட்டை. நடுநிலை வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை நான் தருவதே இல்லை.

நாணயமும் பகடையும்

இரண்டு நாணயங்களைச் சுண்டினால் இரண்டும் தலை, ஒன்று தலை ஒன்று பூ, இரண்டும் பூ என மூன்று முடிவுகள். ஆகவே ஒவ்வொன்றுக்கும் 1/3. இப்படிச் சொல்லும் பிள்ளையைத் திட்ட எனக்கு மனம் வராது. 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் தாலம்பேர் என்ற பெரிய கணித மேதையே ஏறக்குறைய இதே இடத்தில் சறுக்கியிருக்கிறார். இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழ வாய்ப்பு 2/3 என்பது அவர் வாதம். முதல் சுண்டலிலேயே தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, இரண்டாவது எதற்கு என்று கேட்டார். சரியான விடை 3/4.

நாணயத்தின் பலம், கூறுவெளி (வரக்கூடிய எல்லா முடிவுகளின் தொகுப்பு) சின்னது என்பது. நான்கே முடிவுகளை எழுதிக் காட்டிவிடலாம். ஒரு ரூபாயையும் ஐந்து ரூபாயையும் சேர்த்துச் சுண்டச் சொன்னால் 'தலை-பூ', 'பூ-தலை' இரண்டும் வேறு வேறு என்பது கண்ணுக்கே தெரியும். ஒரே மாதிரி இரண்டு நாணயம் தருவதைவிட இது மேல். பலவீனம், பத்து நிமிடத்தில் அலுத்துவிடும்.

லூடோவில் வரும் பகடை இரண்டை எடுத்தால் 36 முடிவுகள். கூட்டுத்தொகை 7 வர ஆறு வழி, 2 வர ஒரே வழி. நல்ல கணக்குத்தான். இருந்தாலும் 1, 2, 3, 4, 5, 6, 5, 4, 3, 2, 1 என்று ஏறி இறங்கும் வரிசையை ஒரு தடவை பார்த்துவிட்டால் பிள்ளை மனப்பாடமாக ஒப்பிக்கும், யோசிக்காது. அப்புறம், கையால் உருட்டிச் சரிபார்க்கவும் பொறுமை வேண்டும்: நூறு தடவை உருட்டினாலும் 2 விழுவது சராசரியாக மூன்று தடவைக்கும் குறைவு.

பகடை உண்மையில் கைகொடுப்பது "ஒரு தடவையாவது ஆறு விழ" என்ற வகைக் கணக்கில். இரண்டு பகடை, ஒவ்வொன்றிலும் 1/6, கூட்டினால் 12/36 என்பார்கள். விடை 11/36, இரண்டும் ஆறாக விழும் முடிவை இரண்டு தரம் எண்ணிவிடுகிறார்கள். ஒரே பகடையை நான்கு தடவை உருட்டினால் ஒரு தடவையாவது ஆறு விழ வாய்ப்பு பாதிக்குச் சற்று மேல், 671/1296. சூதாட்டத்தில் எழுந்த இந்த மாதிரிக் கேள்விகளைப் பற்றித்தான் 1654-இல் பிரெஞ்சுக் கணித மேதைகள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

தாயக்கட்டை

என் ஓட்டு இதற்கே. காரணம் இருக்கிறது.

பித்தளைத் தாயக்கட்டையில் நான்கு பக்கம்: ஒன்று வெறுமை, மற்றவற்றில் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி, மூன்று புள்ளி. இரண்டு கட்டை, ஆக 4 × 4 = 16 முடிவுகள். ஒரு தாளின் மூலையில் கட்டம் போட்டு நிரப்பிவிடலாம். நிரப்பினால் தாயத்துக்கு 2 வழி, இரண்டுக்கு 3, மூன்றுக்கு 4, நான்குக்கு 3, ஐந்துக்கு 2, ஆறுக்கு 1. இரண்டும் வெறுமையாக விழுந்தால் அது சுழியம் அல்ல, பன்னிரண்டு. அதற்கும் 1 வழிதான். இந்தப் பன்னிரண்டுதான் பகடையில் இல்லாத அழகு. ஏறி இறங்கும் வரிசை என்று ஒப்பிக்க வந்த பிள்ளை இங்கே நின்று யோசித்தாக வேண்டும்.

தாயத்தின் வாய்ப்பு 2/16, அதாவது 1/8. மருமகள் சொன்னது 1/7. இங்கே நான் செய்த ஒரு முட்டாள்தனத்தையும் சொல்லிவிடுகிறேன்: "வா, உருட்டிப் பார்த்துவிடலாம்" என்று அவளை உட்கார வைத்தேன். நூறு தடவை உருட்டினால் 1/7-க்குச் சுமார் 14, 1/8-க்குச் சுமார் 12 அல்லது 13. இந்த வித்தியாசத்தை நூறு உருட்டலில் பிரித்துச் சொல்லவே முடியாது. அவள் சொன்னதே சரி என்று நிரூபணமாகிவிடும் போலிருந்தது! கேள்வியை மாற்றினேன்: பன்னிரண்டு அதிகம் விழுமா, மூன்று அதிகம் விழுமா? அவள் கணக்குப்படி இரண்டும் சமம். உண்மையில் மூன்றுக்கு 4/16, பன்னிரண்டுக்கு 1/16, நான்கு மடங்கு. ஐம்பது உருட்டலுக்குள்ளேயே, எண்ணிக்கைக்குப் போட்ட கோடுகள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டன. 'ஏழில் ஒன்று' என்பதை அவளே அடித்துவிட்டு கட்டம் போட ஆரம்பித்தாள்.

அப்புறம் ஆட்ட விதிகளே கணக்காகிவிடுகின்றன. எங்கள் வீட்டில் 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம் (ஊருக்கு ஊர் மாறும், சண்டைக்கு வராதீர்கள்). அப்படியானால் மறு ஆட்டம் கிடைக்க வாய்ப்பு 2 + 2 + 1 + 1, மொத்தம் 6/16. இங்கே கூட்டியது சரி, ஒரே உருட்டலில் ஐந்தும் ஆறும் சேர்ந்து விழாது. அடுத்தடுத்து இரண்டு தடவை மறு ஆட்டம் கிடைக்க 3/8 × 3/8 = 9/64. கூட்டல் எங்கே, பெருக்கல் எங்கே என்பதை வார்த்தையை வைத்துத் தேடாமல் ஆட்டத்தை வைத்தே சொன்னாள்.

குறையும் உண்டு. பாட்டி காலத்துக் கட்டை தேய்ந்து ஒரு பக்கம் சரிந்திருக்கலாம். 'சீரான', அதாவது எல்லாப் பக்கத்துக்கும் சம வாய்ப்புள்ள, என்ற அடைமொழி அதற்குப் பொருந்தாது. அதையும் பாடமாக்க நினைத்தால் புளியங்கொட்டை எடுங்கள். ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டு உருட்டினால், வெள்ளை மேலே விழ வாய்ப்பு பாதி என்று சொல்ல எந்த நியாயமும் இல்லை. சோழியும் அப்படித்தான். போட்டுப் பார்த்து எண்ணினால்தான் தெரியும். பாடநூல் பட்டறி நிகழ்தகவு என்று சொல்வது இதைத்தான்.

மணிப்பை

தாயக்கட்டையால் முடியாத ஒரு வேலை இருக்கிறது. முதல் உருட்டல் இரண்டாவதைப் பாதிக்காது. முதலில் எடுத்தது இரண்டாவதை மாற்றிவிடும் கணக்குக்குப் பைதான் வேண்டும்.

ஒரு துணிப்பையில் 3 சிவப்பு மணி, 2 நீல மணி. எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தால் இரண்டும் சிவப்பாக இருக்க 3/5 × 3/5 = 9/25. திரும்பப் போடாவிட்டால் 3/5 × 2/4 = 3/10. தாளில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும் பிள்ளை, கையில் ஒரு சிவப்பு மணியை வைத்துக்கொண்டு பைக்குள் நான்குதான் இருக்கிறது என்று பார்த்தபின் குழம்புவதில்லை. இதற்காகவே பத்து ரூபாய்க்கு மணி வாங்கலாம்.

"இரண்டும் வேறு வேறு நிறமாக இருக்க?" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள். முக்கால்வாசிப் பேர் 3/5 × 2/4 என்று போட்டு 3/10-இல் நிறுத்துவார்கள். நீலம் முதலில் வந்து சிவப்பு அடுத்து வரும் வழி விட்டுப்போகிறது. அதையும் சேர்த்தால் 6/10.

இங்கேதான் கட்டமா மரமா என்ற போட்டியும் தீர்கிறது. தாயத்துக்கும் பகடைக்கும் கட்டம் வசதி, ஒரு பார்வையில் எல்லாம் தெரியும். பைக்கு, ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு கிளை பிரித்து வரையும் மர வரைபடம். கிளைக்குக் கிளை பின்னம் மாறுவதை அதில்தான் எழுத முடியும்; விட்டுப்போன நீலக் கிளை மொட்டையாக நிற்பதும் அதில்தான் தெரியும். மூன்று தடவை எடுக்கும் கணக்கென்றால் கட்டம் போடவே வழியில்லை.

கணினி

விரிதாளில் =RANDBETWEEN(0, 3) என்று இரண்டு கட்டங்களில் எழுதி, கீழே பத்தாயிரம் வரிக்கு இழுத்துவிட்டால் பத்தாயிரம் உருட்டல் நொடியில் முடியும். இரண்டாம் உலகப் போரின்போது டென்மார்க்கில் காவலில் வைக்கப்பட்டிருந்த கணிதவியலாளர் ஜான் கெரிச், நாணயத்தை 10,000 முறை கையாலேயே சுண்டி 5,067 தலை என்று எண்ணினார். அந்தப் பொறுமை நமக்கு வேண்டாம். 1/7-ஐயும் 1/8-ஐயும் பிரித்துக் காட்ட வேண்டுமென்றால் கணினிதான் வழி.

ஆனால் முதலிலேயே கணினியைத் திறந்தால் பிள்ளை எண்களை வேடிக்கை பார்க்கும், அவ்வளவுதான். ஊகத்தை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்ட பிறகே நான் மடிக்கணினியைத் தருவேன்.

எளிய நிகழ்ச்சிக்கும் தேர்வுக்கு முந்தைய வாரத்துக்கும் பயிற்சித்தாள். கூட்டு நிகழ்ச்சிக்கு முதலில் தாயம், அடுத்து பை. சந்தேகம் தீராவிட்டால் விரிதாள். ஒன்றுதான் முடியும் என்பவர்கள் தாயக்கட்டை வாங்குங்கள், விலை அதிகமில்லை.

மருமகள் ஊருக்குக் கிளம்பும் முந்தின நாளும் ஆடினோம். எட்டு தடவை போட்டும் அவளுக்குத் தாயம் விழவில்லை, காய் ஒன்றும் இறங்கவில்லை. "எட்டுல ஒண்ணுன்னா எட்டாவதுல விழுந்திருக்கணுமே, அத்தை?" என்று முறைத்தாள். விழாமல் போக ஒவ்வொரு தடவையும் 7/8, எட்டு தடவைக்கு அதை எட்டு முறை பெருக்கு என்றேன். கணிப்பானை எடுத்துத் தட்டினாள். 0.34. "மூணு பேர்ல ஒருத்தருக்கு இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு, கட்டையை உள்ளங்கையில் தேய்த்து ஒன்பதாவது தடவை உருட்டினாள். மூன்று விழுந்தது.